மொரோக்கோ நாட்டுப் புட்டும் எமது தமக்கையாரும்

மனிதருக்கு உறவுமுறை இருப்பது போலவே உணவுப் பண்டங்களுக்கும் உறவுமுறை உண்டு என்று சொன்னால் வாசகர்கள் நகைக்கக்கூடும். ஆயினும், கடல் கடந்த ஒரு தேசத்தின் உணவு எமது லயத்துக் குசினிக்குள் முதன்முதலாக நுழைந்தபோது, எமது அன்னையார் அதை ஒரு பிடி கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம புட்டுக்குச் சொந்தம்ல!" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பளித்துவிட்டார். அத்தீர்ப்பு எத்துணைப் பொருத்தமானது என்பதையும், அந்த உணவை ஆக்கி உண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நாம் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுத விழைகின்றோம்.

இரத்தினபுரி மாவட்டத்திலே, பெல்மதுளைக்கும் பலாங்கொடைக்கும் இடைப்பட்ட மலைச்சரிவில் அமைந்தது எமது தோட்டம். ஒரு பக்கம் இறப்பர், மறுபக்கம் தேயிலை. மேகம் விலகிய காலை வேளையில் இஸ்தோப்பில் நின்று வடக்கே நோக்கினால் சிவனொளிபாதமலையின் கூரிய முடி தெரியும். ஆனால் மேகம் விலகும் காலைகள் எமது பகுதியில் குறைவு. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. பால் வெட்டு இல்லையேல் அன்றைக்குப் பேரும் இல்லை. ஆகவே, வானத்தைப் பார்த்து அடுப்பைப் பற்றவைக்கும் பழக்கம் எமது மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்தது.

அந்த அடுப்பில் பெரும்பாலும் வேகுவது கோதுமை மா. விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்கு ஓடுமுன் தட்டிய ரொட்டி, அம்மியில் அரைத்த சம்பல், சாயத்தண்ணீர் என்பவற்றை உண்டே எமது பெற்றோர் மலையேறினர். கோதுமை விளையாத நாட்டில், கோதுமையை உண்டு வாழும் மக்கள் நாம். அதனால் கப்பல் பிந்தினாலும், விலை ஏறினாலும் முதலில் காய்வது எமது வயிறுதான். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் மலைநாட்டுத் தோட்டங்களைக் கொடுமையாகத் தாக்கியது. அப்போது பதினைந்து வயதுச் சிறுமியாக இருந்த எமது அன்னையார், இன்றும் மா பிசையும்போது தாம்பாளத்தின் விளிம்பில் ஒட்டிய துகளைக்கூட விரலால் வழித்துச் சேர்த்துக்கொள்வார். "மாவைச் சிந்துறவன் பசியைப் பார்க்காதவன்" என்பது அவர் அடிக்கடி கூறும் வாக்கு.

இத்தகைய வீட்டிலிருந்துதான் எமது தமக்கையார் 2014ஆம் ஆண்டில் குவைத் நாட்டுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்றார்.

கேட்டதும் கேளாததும்

கணவர் நோயுற்று மறைந்தபின் கடனும், ஆறு வயதுப் பெண்குழந்தையுமாக நின்றவர் அவர். குழந்தையை அன்னையாரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார். இடையில் இருமுறை விடுமுறையில் வந்து போனார். ஒன்பது ஆண்டுகள் கழிந்து, 2023ஆம் ஆண்டின் இறுதியில் முற்றாக ஊர் திரும்பினார். அவ்வொன்பது ஆண்டுகளில் அவர் அனுப்பிய பணத்தில்தான் கடன் தீர்ந்தது. ஒழுகிய கூரைக்குப் புதிய தகரம் வந்தது. நாம் ஆசிரியர் பயிற்சியை முடித்தோம். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் மாவின் விலை நாளுக்கொன்றாக ஏறியபோதும் எமது வீட்டு அடுப்பு அணையாதிருந்தது அவராலேயே.

தொலைபேசியில் வாரந்தோறும் பேசுவோம். பணம் வந்து சேர்ந்ததா என்று அவர் கேட்பார், சேர்ந்தது என்போம். உடம்பு சுகமா என்று நாம் கேட்போம், சுகம் என்பார். பிள்ளை படிக்கிறாளா என்பார், படிக்கிறாள் என்போம். அதற்கப்பால் அந்த வீட்டில் அவர் என்ன செய்கிறார், என்ன சமைக்கிறார், எங்கே உட்கார்ந்து உண்கிறார் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதே உண்மை. பணத்தின் கணக்கு எமக்குத் தெரிந்திருந்தது; அதைச் சம்பாதித்தவரின் நாள் எப்படிக் கழிந்தது என்பது தெரியாதிருந்தது.

ஊர் திரும்பியவரின் பெட்டியில் போர்வைகளும் சவர்க்காரமும் பேரீச்சம்பழமும் இருந்தன. அவற்றுக்கிடையே அரபு எழுத்துப் பொறித்த ஒரு சிறு பொதியும் இருந்தது. பிரித்துப் பார்த்தால், மஞ்சள் நிறத்திலே ரவையைவிடச் சற்றுப் பருத்த மணிகள்.

"இது என்ன அத்தை?" என்று எமது சிறு மகன் கேட்டான்.

"குஸ்குஸ். மொரோக்கோ நாட்டுச் சாப்பாடு" என்றார் தமக்கையார்.

அவர் வேலை செய்த வீட்டுத் தலைவியின் தாயார் மொரோக்கோ நாட்டிலிருந்து மணமுடித்து வந்தவராம். வெள்ளிக்கிழமை தோறும் அம்மூதாட்டிக்குக் குஸ்குஸ் வேண்டும். வெயில் கொளுத்தும் மாதங்களில் அதையே காய்கறியும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, ஆறவைத்த பச்சடியாக உண்பாராம். ஒன்பது ஆண்டுகளில் ஏறத்தாழ எல்லா வெள்ளிக்கிழமையும் அதை ஆக்கியவர் எமது தமக்கையார்.

அந்த வாரமே பொதி அடுப்புக்கு வந்தது. கொதிநீரில் உப்பும் சிறிது எண்ணெயும் சேர்த்து, ஒரு கோப்பை மணிக்கு ஒரு கோப்பை நீர் என்ற கணக்கில் ஊற்றி மூடினார். ஐந்து நிமிடத்தில் நீர் முழுவதையும் உறிஞ்சி மணிகள் மலர்ந்துவிட்டன. எல்லோரும் உண்டோம். நன்றாகத்தான் இருந்தது. அன்னையார் மட்டும், "ஆறிப்போன உப்புமா மாதிரி இருக்கு. இதுக்கா இம்புட்டுத் தூரத்தில இருந்து தூக்கிக்கிட்டு வந்த?" என்றார்.

தமக்கையார் சிரித்தார். "இது மிஷின்ல செஞ்சதும்மா. கையால உருட்டினாத்தான் அசல். அடுத்த ஞாயிறு நம்ம கடை ரவையிலேயே செஞ்சு காட்டுறேன்" என்றார்.

மேற்கே ஒரு புட்டு

அடுத்த ஞாயிறு வருமுன் அந்தக் குஸ்குஸ்ஸைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகின்றோம், மாணவர்களுக்கும் பயன்படும்.

ஆபிரிக்காவின் வடக்குக் கரையிலே மொரோக்கோ, அல்ஜீரியா, தூனிசியா முதலிய நாடுகள் உள்ளன. அரபுமொழி அங்கே பரவுவதற்கு முன்பிருந்தே வாழ்ந்து வரும் பெர்பர் மக்களின் உணவே குஸ்குஸ். அதன் பெயரும் அவர்கள் மொழியிலிருந்தே வந்தது. டூரம் எனப்படும் கடினமான கோதுமையை ரவையாக உடைத்து, உப்புநீர் தெளித்து, உள்ளங்கையால் வட்டமாக உருட்டி மணிகளாக்குவர். பின்னர் இரட்டைப் பாத்திரத்தில் அவிப்பர். கீழ்ப்பாத்திரத்தில் இறைச்சியோ காய்கறியோ குழம்பாகக் கொதிக்க, அதன் ஆவி துளைகளின் வழியாக மேற்பாத்திரத்து மணிகளை வேகவைக்கும். ஆவி வீணாகாதபடி இரண்டு பாத்திரங்களும் பொருந்துமிடத்தில் மாக்கரைசலில் தோய்த்த துணியைச் சுற்றுவார்கள். புட்டுப் பானையின் வாயில் துணி சுற்றும் எமது பெண்களுக்கு இதில் வியப்பென்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் ஒரே பெரிய தட்டைச் சுற்றிக் குடும்பத்தார் எல்லோரும் அமர்ந்து உண்பது அந்நாட்டு வழக்கம். 2020ஆம் ஆண்டில் அல்ஜீரியா, மௌரித்தானியா, மொரோக்கோ, தூனிசியா ஆகிய நான்கு நாடுகளும் ஒன்றுசேர்ந்து விண்ணப்பிக்க, குஸ்குஸ் ஆக்கும் கலையையும் அதனைச் சார்ந்த வழக்கங்களையும் மானிடத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக யுனெஸ்கோ நிறுவனம் பதிவு செய்தது. அரசியலில் ஒத்துப்போகாத அண்டை நாடுகளையும் ஓர் உணவு ஒன்றாகக் கையொப்பமிட வைத்தது என்பது சிந்திக்கத்தக்கது.

மொரோக்கோவுக்கும் எமது சப்பிரகமுவ மலைகளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்களாயின், ஒரு பழைய தொடர்பு உண்டு. மொரோக்கோவின் தாஞ்சியர் நகரிலே 1304ஆம் ஆண்டில் பிறந்த இப்னு பதூதா என்ற பெரும் பயணி, 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தார். புத்தளத்திலே ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். பாவா ஆதமின் பாதம் பதிந்த மலையைத் தரிசிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். மன்னர் பல்லக்கும் வழித்துணையும் கொடுத்து அனுப்பிவைத்தார். எமது இஸ்தோப்பிலிருந்து தெரியும் அதே சிவனொளிபாதமலையில், இரும்புச் சங்கிலிகளைப் பற்றிக்கொண்டு அவர் ஏறினார்.

அப்பயணத்தைப் பற்றிய அவருடைய குறிப்புகளுள் எமது தோட்டத்து மக்களை மகிழ்விக்கக்கூடியது ஒன்றுண்டு. வழியில் புல்லிலும் மரத்திலும் இருந்து தாவி உடம்பில் ஒட்டிக்கொள்ளும் அட்டைகளைக் கண்டு அவர் திகைத்தார். அவ்வூர் மக்கள் எலுமிச்சம்பழத்தைக் கையோடு வைத்திருந்து, அட்டையின் மேல் பிழிந்து அதை விழச் செய்வார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். அறுநூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன் மொரோக்கோக்காரரைக் கடித்த அட்டையின் சந்ததிதான் இன்றும் கொழுந்தெடுக்கும் எமது பெண்களின் காலைக் கடிக்கிறது போலும்!

அதே இப்னு பதூதா, 1352ஆம் ஆண்டில் சகாராப் பாலைவனத்தைக் கடந்து மாலி நாட்டுக்குச் சென்றபோது, அங்கே கடுகு போன்ற ஒரு சிறு தானியத்தில் குஸ்குஸ் செய்கிறார்கள் என்று குறித்துள்ளார். எந்தத் தானியம் கிடைக்கிறதோ அதை மணியாக்கி ஆவியில் அவிப்பதே அந்த உணவின் இயல்பு என்பது இதனால் விளங்குகிறது. எமது புட்டும் அப்படித்தானே? அரிசி கிடைத்தால் அரிசிமாப் புட்டு; குரக்கன் கிடைத்தால் குரக்கன் புட்டு; இரண்டும் இல்லாதபோது கோதுமை மாவைத் துணியில் கட்டி அவித்து, அரித்து, வெந்நீர் விட்டுக் கொத்திய புட்டு. தானியம் மாறினாலும் கை மாறுவதில்லை.

உருட்டிய மணிகள்

சொன்னபடியே ஞாயிறு வந்தது. காலையிலிருந்தே மழை. தமக்கையார் முதல்நாள் இரவே ஒரு கோப்பை கொண்டைக்கடலையை ஊறப்போட்டிருந்தார். இரண்டு கோப்பை ரவையைப் பெரிய தாம்பாளத்தில் பரப்பினார். அரைக் கோப்பை நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, விரல்களால் தெளிக்கத் தொடங்கினார்.

"தண்ணிய ஊத்தக்கூடாது, தெளிக்கணும். ஊத்தினா களி" என்றார்.

"அதை எனக்குச் சொல்றியா?" என்று அன்னையார் எழுந்து வந்துவிட்டார். ஐம்பது ஆண்டுகள் புட்டு அவித்த கை அது. தாம்பாளத்தின் மறுபக்கம் குந்தினார். ஒருவர் நீர் தெளிக்க, மற்றவர் விரித்த உள்ளங்கையால் ரவையை வட்டம் வட்டமாக உருட்டினார். ஈரம் மிகும் இடத்தில் ஒரு சிட்டிகை கோதுமை மாவைத் தூவினார்கள். சிறிது சிறிதாக ரவை திரண்டு மணியாயிற்று. சல்லடையில் இட்டு அரித்தபோது மேலே நின்ற மணிகளைத் தனியே எடுத்துவைத்து, கீழே விழுந்த பொடியை மறுபடி உருட்டினார்கள். சிந்தியது ஒன்றுமில்லை. அன்னையாருக்கு அதில் பெருமகிழ்ச்சி.

மருமகள் அன்று வாசற்படியில் புத்தகமும் கையுமாக இருந்தாள். சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய வயது. தாயார் ஊர் திரும்பி இரண்டு மாதமாகியும், அவளுக்கும் தாய்க்கும் இடையே ஒரு மரியாதை இருந்ததே தவிர உரிமை இல்லை. எது வேண்டுமாயினும் அம்மாயியிடமே கேட்பாள். தாயைப் பற்றி எம்மிடம் பேசும்போது "அவங்க" என்பாள். குறை சொல்வதற்கில்லை. ஆறு வயதிலிருந்து பதினைந்து வயது வரை தாயைத் தொலைபேசியில் கண்ட பிள்ளை அவள். தமக்கையாரும் வற்புறுத்தவில்லை. விருந்தினர் வீட்டில் நடப்பதுபோல மெல்ல நடந்துகொண்டிருந்தார்.

"அம்மாயி, நான் கொஞ்சம் உருட்டிப் பாக்கவா?" என்று அவள் கேட்டாள்.

"எனக்கு என்ன தெரியும்? ஒங்கம்மாக்கிட்ட கேளு" என்று அன்னையார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐம்பது ஆண்டுகள் புட்டு அவித்தவர் ஒன்றும் தெரியாது என்று சொன்னது அன்றுதான்.

மருமகள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து தாம்பாளத்தின் அருகே அமர்ந்தாள். தமக்கையார் எதுவும் பேசவில்லை. அவளுடைய கையின் மேல் தம் கையை வைத்து, வட்டத்தை ஒருமுறை காட்டிக்கொடுத்தார். பிறகு கையை எடுத்துவிட்டார். அவள் அழுத்தி உருட்டியபோது மணிகள் நசுங்கின. "பூப்போல" என்றார் தாய். அவ்வளவுதான் உரையாடல்.

பின்னர் இட்லிச் சட்டியில் துணி விரித்து, மணிகளை அழுத்தாமல் இட்டு மூடினோம். பதினைந்து நிமிடம் ஆவியில் வெந்ததும் தாம்பாளத்தில் கொட்டி, இரண்டு தேக்கரண்டி எண்ணெயும் அரைக் கோப்பைத் தண்ணீரும் தெளித்து, கட்டிகளை விரலால் உதிர்த்தார் தமக்கையார். மறுபடி பதினைந்து நிமிடம் ஆவி. மறுபடி அரைக் கோப்பைத் தண்ணீர். மூன்றாம் முறையும் ஆவி. ஒரே முறையில் அவித்தால் உள்ளே வேகாது; ஒரே தடவையில் நீர் முழுவதையும் விட்டால் ஒட்டிக்கொள்ளும். பொறுமைதான் இதன் மசாலை என்று அம்மூதாட்டி அவருக்குச் சொல்லிக்கொடுத்தாராம்.

மூன்றாம் ஆவியில் மணிகள் இரட்டித்துப் பெருகி, ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்ந்து நின்றன. நன்றாக ஆறவிட்டோம். சூட்டோடு காய்கறி சேர்த்தால் அவை வாடி நீர்விடும்.

தேங்காய்ப்பூ வழக்கு

பச்சடிக்கு வேண்டியவற்றை நறுக்கும் பொறுப்பை எமக்கும் எமது இல்லாளுக்கும் விட்டார்கள். இரண்டு தக்காளியை விதை நீக்கிப் பொடியாக நறுக்கினோம். ஒரு வெள்ளரிக்காய், ஒரு கரட், ஒரு பிடி சின்ன வெங்காயம் ஆகியவற்றையும் அவ்வாறே நறுக்கினோம். கடலை வெந்து வடிந்திருந்தது. மொரோக்கோவிலே பாசிலி என்ற கீரையைத் தூவுவார்களாம். அது எமது கடையில் ஏது? தமக்கையார் குடையைப் பிடித்துக்கொண்டு பின்புறம் போய், ஒரு பிடி வல்லாரையுடன் வந்தார். அதை உப்புநீரில் பலமுறை அலசி, மெல்லிதாக அரிந்து, புதினாவுடனும் கொத்தமல்லித் தழையுடனும் சேர்த்தார்.

ஒலிவ எண்ணெய்க்கும் அப்படியே. அதன் விலையைக் கேட்டால் எமது மாதச் சம்பளம் தலைகுனியும். சாதாரண மரக்கறி எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, அதனுடன் மணத்துக்காக ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் என்று தமக்கையார் கணக்குச் சொன்னார். இரண்டு எலுமிச்சம்பழத்தின் சாறு, வறுத்துப் பொடித்த சீரகம் அரைத் தேக்கரண்டி, மிளகுப்பொடி, ஒரு சிட்டிகை கறுவாப் பொடி ஆகியவற்றை எண்ணெயோடு அடித்துக் கலந்தார். கறுவாவைக் கண்டதும் எமக்கு மறுபடியும் இப்னு பதூதா நினைவுக்கு வந்தார். புத்தளக் கரையிலே கறுவா மரத்துண்டுகள் விறகுபோலக் குவிந்து கிடக்கக் கண்டவர் அல்லவா அவர்? மொரோக்கோச் சமையலில் இன்றும் மணக்கும் கறுவா எமது தீவின் செல்வம்.

இவ்விடத்தில்தான் வழக்கு மூண்டது. அன்னையார் ஒரு முடித் தேங்காயைத் திருவிக்கொண்டு வந்துவிட்டார்.

"தேங்காய்ப்பூ இல்லாம என்னத்தப் புட்டு?"

"இது புட்டு இல்லம்மா. தேங்காய் போட்டா இந்தச் சூட்டில பொழுது சாயறதுக்குள்ள புளிச்சிரும்."

"பொழுது சாயற வரைக்கும் ஏன் வைக்கிற? இப்பவே தின்னுட்டாப் போச்சு!"

இருவருடைய நியாயமும் நியாயமே. ஈற்றில் தேங்காய்ப்பூவைத் தனியே ஒரு கிண்ணத்தில் வைப்பது, வேண்டியவர் தூவிக்கொள்வது என்று சமரசமாயிற்று. எமது சிறு மகனும் அன்னையாரும் தாராளமாகத் தூவிக்கொண்டார்கள் என்பதையும், அது சுவையாகவே இருந்தது என்பதையும் நடுநிலை தவறாமல் பதிவு செய்கின்றோம்.

பலகை

மணிகளையும் காய்கறியையும் கடலையையும் ஒரு பெரிய பாத்திரத்தில் இட்டு, சாற்றை ஊற்றி, கையால் மெல்லப் புரட்டி, அரைமணி நேரம் மூடி வைத்தோம். உலர்ந்த திராட்சை ஒரு பிடியை மேலே தூவினோம். அந்நாட்டு வழக்கப்படி ஒரே தட்டைச் சுற்றி உட்காரலாம் என்று மருமகள் யோசனை சொன்னாள். காம்பராவின் நடுவே பாய் விரித்து, தாம்பாளத்தை வைத்து ஐவர் சுற்றி அமர்ந்தோம். வெள்ளரியின் குளிர்ச்சி, எலுமிச்சையின் புளிப்பு, வல்லாரையின் இலேசான கசப்பு, இடையிடையே திராட்சையின் இனிப்பு. வாய்க்குப் புதிதாகவும் வயிற்றுக்குப் பழகியதாகவும் இருந்தது. அன்னையார் இரண்டாம் முறை எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் நற்சான்றிதழ் வேண்டியதில்லை.

சற்று நேரம் கழித்தே நாம் கவனித்தோம். பாயில் ஐவர் இருந்தோம், வீட்டில் அறுவர். தமக்கையார் குசினி வாசலில், நிலையில் சாய்ந்தபடி நின்றுகொண்டிருந்தார். கையில் தண்ணீர்ச் செம்பு. எவருடைய கிளாஸ் வெறுமையாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சாப்பிடலையா அக்கா?" என்றோம்.

"நீங்க சாப்பிடுங்க தம்பி. நான் பொறகு சாப்பிடுறேன்."

"அங்கேயும் இப்படித்தான் நிப்பீங்களா?" என்று கேட்டவள் மருமகள்.

தமக்கையார் அதைக் குறையாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னார். அவ்வீட்டார் கெட்டவர்கள் அல்லர். மூதாட்டி அன்பாகவே பழகினார். உருட்டும் வித்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் கற்றுக்கொடுத்தார். ஆனால் உண்ணும் நேரத்தில் பணிப்பெண்ணின் இடம் வாசல். எல்லோரும் எழுந்தபின் மிஞ்சியதைக் குசினியில் நின்றவாறே உண்பார். பெரும்பாலும் நிறையவே மிஞ்சும், பட்டினி இல்லை. "உக்காந்து திங்க நேரம் இருக்காது. அப்படியே பழகிப்போச்சு" என்றார்.

நாம் கையிலெடுத்த கவளம் கையிலேயே இருந்தது. ஒன்பது ஆண்டுகள். ஏறத்தாழ நானூற்றைம்பது வெள்ளிக்கிழமைகள். அத்தனை தடவை உருட்டி அவித்த உணவை, ஒரு தடவையேனும் தட்டின் அருகே அமர்ந்து அவர் உண்டதில்லை. அதைவிட எம்மைச் சுட்டது வேறொன்று. ஊர் வந்து இரண்டு மாதமாக, எமது வீட்டிலும் அவர் இப்படியே நின்றுகொண்டிருந்திருக்கிறார். நாமும் அவர் பரிமாற உண்டுகொண்டிருந்திருக்கிறோம். வெளிநாட்டு வீட்டாரை எதற்காகக் குறை சொல்வது?

மருமகள் எழுந்தாள். அடுப்படியிலிருந்து அன்னையாரின் பலகையை எடுத்துவந்து, தனக்கும் அம்மாயிக்கும் இடையில் போட்டாள். தாயின் கையிலிருந்த செம்பை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நீங்க ஒக்காருங்கம்மா. தண்ணி நான் ஊத்துறேன்" என்றாள்.

தமக்கையார் உட்கார்ந்தார். முதற் கவளத்தை வாயிலிட்டு மெல்ல மென்றார். நாம் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். "உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். பிறகு இன்னொரு கவளம் எடுத்தார். வெளியே மழை ஓய்ந்திருக்கவில்லை.

வாசகர்களுக்கு

இப்போது மருமகள் உயர்தரம் படிக்கிறாள். இரண்டு மாதத்துக்கொருமுறை எமது வீட்டில் இந்தப் பச்சடி நடக்கிறது. மணி உருட்டுவது அவளும் தாயும், மேற்பார்வை அன்னையார். உங்கள் இல்லத்திலும் செய்து பாருங்கள். நகரத்தில் இருப்பவர்கள் பொதியிலுள்ளதை வாங்கிக் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடத்தில் முடிக்கலாம். தோட்டத்தில் இருப்பவர்கள் ரவையை உருட்டிக்கொள்ளலாம். பருமனான ரவையாகப் பாருங்கள். பொதுவாகக் கடையில் கிடைக்கும் ரவை அந்நாட்டு டூரம் கோதுமையைவிட மென்மையானது. எனவே நீரைக் குறைத்தே தொடங்குங்கள். கத்தரிக்காயோ பூசணியோ சுட்டுச் சேர்த்தாலும் நன்று. ஆக்கிய அன்றே உண்டுவிடுங்கள். எமது வெப்பத்தில் மறுநாளைக்கு வைப்பது உகந்ததன்று. இதுவும் கோதுமைதான் என்பதால் நீரிழிவு உடையோர் மணியைக் குறைத்து, காயையும் கடலையையும் கூட்டி உண்பது நலம்.

இன்னுமொன்று. எமது தோட்டங்களிலே வெளிநாடு சென்று மீண்ட பெண் இல்லாத லயம் அரிது. உங்கள் வீட்டிலும் அத்தகைய ஒரு தாயோ தமக்கையோ இருக்கக்கூடும். எவ்வளவு கொண்டுவந்தீர்கள் என்று அவரிடம் எல்லோரும் கேட்டிருப்பார்கள். அங்கே என்ன சமைத்தீர்கள் என்று ஒருமுறை கேளுங்கள். அதை இங்கே சமைக்கச் சொல்லுங்கள். நீங்களும் கூட இருந்து உருட்டுங்கள். ஆனால் பரிமாறத் தொடங்குமுன் பாயில் எத்தனை பேர், வீட்டில் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.